முள்ளும் ரப்பரும்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயரின் அகலத்தைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். ஷூ என்று வந்துவிட்டால், “பிடிப்பாக இருந்தால் போதும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காலைப் பூட்டி வைக்காத தட்டைப் பெடலில், அதாவது ஃபிளாட் பெடலில், இறங்கும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்து நிற்கிறார். அப்போது உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது ஷூவின் அடிப்பாகம். அது ஒருமுறை நழுவினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கிழிக்கும். பழைய ஓட்டிகள் பலருடைய கால்களில் அந்தத் தழும்பு உண்டு.

தழும்புக்குக் காரணமான நம்பிக்கைகளில் முதன்மையானது இது: “அடியில் ஆழமான கட்டைகள் இருந்தால் பிடிப்பு அதிகம்.” மலையேறும் பூட்ஸைப் பார்த்து வந்த எண்ணம். மண்ணில் அது உண்மைதான். அந்தக் கட்டைகள் சேற்றுக்குள் புதைந்து தரையைப் பற்றிக்கொள்ளும். பெடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. நல்ல ஃபிளாட் பெடலின் இரு பக்கங்களிலும் சில மில்லிமீட்டர் உயரமுள்ள உலோக முட்கள் திருகப்பட்டிருக்கும். அவைதான் ஷூவுக்குள் புதைய வேண்டியவை. முள் புதைவதற்கு எந்த இடத்திலும் ரப்பர் கிடைக்க வேண்டும். பூட்ஸின் கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் முள் விழுந்தால், அது கடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கட்டையின் முனைமேல் ஏறினால், ஷூ முழுவதும் அந்தச் சில முனைகளில் மட்டும் நின்று ஆடுகிறது. அதனால்தான் இதற்கென்றே செய்த ஷூக்களின் நடுப்பகுதி, பெடல் அமரும் இடம், ஏறக்குறையச் சமதளமாக, ஆழமில்லாத புள்ளிகளோ கட்டங்களோ மட்டும் கொண்டதாக இருக்கிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய பாதைகளுக்காக, விரல் நுனியிலும் குதிகாலிலும் மட்டும் கொஞ்சம் ஆழமான வெட்டு வைக்கிறார்கள். நியாயமான சமரசம் அது.

ஓட்டப்பயிற்சி ஷூவின் குறை வேறு. தரையில் குதிகால் இறங்கும் அதிர்ச்சியை வாங்குவதற்காக அதற்குத் தடித்த நுரை மெத்தை. பெடலை மிதிக்கும்போது அந்த நுரை அமுங்கி, பாதம் பெடலைச் சுற்றி வளைகிறது. நீண்ட இறக்கத்தில் உள்ளங்கால் வலிக்கத் தொடங்கும். மேல்நோக்கி வளைந்த முன்பகுதியோ பெடலைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் அடிப்பாகம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? சாலைப் பந்தய சைக்கிளிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இந்தக் கருத்து மிகவும் பிடிவாதமானது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும்: “பெடலோடு ஷூவைப் பூட்டினால்தான் சக்தி வீணாகாது, மேலே இழுக்கவும் முடியும்.” கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரோஜர் கிராம் ஆய்வகம் இதைச் சோதித்தது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஓட்டப்பயிற்சி ஷூவும் ஃபிளாட் பெடலும் ஒருபுறம். விறைப்பான சைக்கிள் ஷூவும் பூட்டும் பெடலும் மறுபுறம். சீரான, மிதமான வேகத்தில் மிதித்தபோது உடல் செலவழித்த ஆற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன்பே, 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, வேண்டுமென்றே பெடலை மேலே இழுப்பவர்களின் உடல் அதே வேலைக்கு அதிக ஆற்றலைச் செலவிடுகிறது என்று காட்டியிருந்தது. இரண்டுமே சீரான மிதிப்பை அளந்தவை. எழுந்து நின்று முழு பலத்தோடு சில விநாடிகள் பாயும்போது பூட்டும் பெடல் முந்துகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மலைப்பாதையில் பெரும்பாலான நேரம் கழிவது அப்படிப் பாய்வதில் அல்ல.

ஃபிளாட் பெடலுக்கு வேண்டியது நடுத்தர விறைப்பு. பலகைபோல் இருந்தால் முட்களின்மேல் சறுக்கும். பெடல் எங்கே இருக்கிறது என்பதே பாதத்துக்குத் தெரியாது. துணிபோல் மடங்கினால் முட்கள் உள்ளங்காலில் குத்துவதை உணரலாம். கடையில் ஷூவின் இரு முனைகளையும் பிடித்து மடக்கிப் பார்க்கலாம்: விரல் பகுதி மடங்க வேண்டும், நடுப்பகுதி எதிர்க்க வேண்டும்.

“ஃபிளாட் பெடல் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, தேறியவர்கள் பூட்டும் பெடலுக்குப் போய்விடுவார்கள்” என்ற பேச்சுக்கு ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் போதும். இறக்கப் பந்தயத்தில் 2007இலும் 2010இலும் அவர் உலகச் சாம்பியன். 2007இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பேரியில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றில் முன்னணி ஓட்டிகள் இறங்கும் நேரத்தில் மழை கொட்டியது. வழுக்கும் வேர்களும் செங்குத்துச் சரிவும் நிறைந்த அந்தப் பாதையில் ஹில் மூன்றாம் இடம் பிடித்தார். வென்றவரைவிட அந்த மூன்றாம் இடத்தையே ரசிகர்கள் இன்றும் அதிகம் பேசுகிறார்கள். பிறகு 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எண்டூரோ உலகத் தொடரையும் வென்றார். எண்டூரோவில் இறக்கத்துக்குத்தான் நேரம் கணக்கிடுவார்கள் என்றாலும், பெரும்பாலும் மேட்டைத் தன் காலால் மிதித்தே ஏற வேண்டும். அத்தனையும் ஃபிளாட் பெடலில்.

ஹில்லின் பெயரில் ஷூ வெளியிட்ட ஃபைவ் டென் நிறுவனத்தின் கதை ரப்பரின் கதையும்கூட. கலிஃபோர்னியாவின் பாறையேறி சார்லஸ் கோல் 1985இல் அதைத் தொடங்கினார். ஸ்டெல்த் என்ற அதன் ரப்பர் முதலில் பாறையைப் பற்றுவதற்காக உருவானது. மென்மையாகவும், அழுத்தினால் மெதுவாக மீள்வதாகவும் இருந்ததால் பெடல் முட்களுக்கும் அது பொருந்திவிட்டது. சட்டென்று துள்ளி மீளும் ரப்பர், கல்லில் சக்கரம் மோதும் ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பெடலிலிருந்து உதறும். மெதுவாக மீளும் ரப்பர் அந்த அதிர்வை விழுங்கிவிடும். 2011இல் அடிடாஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று பல நிறுவனங்கள் அதே தன்மையுள்ள ரப்பரைச் செய்கின்றன.

இதிலிருந்து பிறந்ததுதான் “எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு சிறப்பு” என்ற அடுத்த நம்பிக்கை. இது பாதி உண்மை. மிக மென்மையான ரப்பரும் உயரமான கூர்முட்களும் சேர்ந்தால், கால் தவறான இடத்தில் இறங்கிவிட்டது என்று தெரிந்தும் அதை நகர்த்த முடியாது. முழுப் பாதத்தையும் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். கரடுமுரடான சரிவின் நடுவே அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. தேய்மானமும் விரைவு. முட்கள் குட்டையான நைலான் பெடல் வைத்திருப்பவருக்கு மென்மையான ரப்பர் நன்மை. கூர்முள் அலுமினியப் பெடல்காரருக்கு ஒரு படி கடினமான ரப்பரே போதும். ஷூவைத் தனியாக மதிப்பிடும் பட்டியல்கள் பயன்படாமல் போவது இதனால்தான். முடிந்தால் சொந்தப் பெடலைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. தரையில் வைத்து, மேலே நின்று, பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இனி, கால் வைக்கும் இடம். விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு பெடல் அச்சின்மேல் இருக்க வேண்டும் என்பது பூட்டும் பெடலின் பாடம். ஃபிளாட் பெடலில் பலரும் அச்சைச் சற்றுப் பின்னே, பாதத்தின் நடுவை நோக்கி வைத்துக்கொள்கிறார்கள். குதிகாலைத் தாழ்த்தி நிற்பது அப்போது எளிது, கெண்டைக்காலும் சீக்கிரம் சோர்வதில்லை. குதிகால் மேலே எழும்பியபடி ஓட்டுகிறவருக்கு விலை உயர்ந்த எந்த ரப்பரும் உதவாது.

நீர் புகாத ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடையில் இறங்கினால் தண்ணீர் கணுக்கால் வழியே உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வராது. குளிர்நாட்டு மழைக்கு அது சரி. வெப்பமான ஊர்களுக்கு, தண்ணீரை வடியவிட்டு விரைவாகக் காயும் ஷூவே ஏற்றது. அதை நெருப்புக்கு அருகிலோ உச்சி வெயிலிலோ காயவைத்தால் அடிப்பாகத்தைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்கலாம்.

தேய்மானத்தைக் குதிகாலைப் பார்த்து அளப்பது நடைக்காரர்களின் பழக்கம். இங்கே பார்க்க வேண்டியது நடுப்பகுதி. குதிகால் புதிதுபோல் இருக்கும்போதே, அச்சுக்கு மேலே உள்ள இடத்தில் முட்கள் ரப்பரைக் குடைந்து குழிகள் ஆக்கியிருக்கும். குழி பழகிவிட்டால் கால் ஒவ்வொரு முறையும் அதே குழியில்தான் உட்காரும், வேறிடத்தில் பிடிக்காது. ஆனாலும் உடனே புது ஷூ வாங்கிவிட வேண்டாம். முதலில் பெடலைத் திருப்பிப் பார்க்கலாம். கல்லில் அடிபட்டு முட்கள் வளைந்தோ, உதிர்ந்தோ, முனை மழுங்கியோ போயிருந்தால் அவற்றைத் தனியாக வாங்கித் திருகிக்கொள்ள முடியும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி ஷூவின் விலையில் சிறு பங்குதான்.