திருநந்தவனத்தில் நந்தியாவட்டை

எம்பெருமானுக்குரிய கைங்கர்யங்களுள் புஷ்ப கைங்கர்யம் மிகச் சிறந்தது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும், ஸ்ரீராமாநுஜரின் நியமனப்படி அனந்தாழ்வான் திருமலையிலும் நந்தவனம் அமைத்து, மலரை விளைவித்தே ஸமர்ப்பித்தனர்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மார்கழிப் பனியில் மல்லிகை அருகி விலை ஏறுகிறது. வருவாய் குறைந்த ஸந்நிதிகளில் திருமாலையும் குறுகுகிறது. அக்காலத்தும் கைவிடாது மலர்வது நந்தியாவட்டை. வடமொழியில் இது நந்த்யாவர்த்தம். 'ஆவர்த்தம்' என்றால் சுழற்சி. ஐந்து வெண்ணிதழ்களும் சக்கரம்போல் ஒருபுறமாகச் சுழன்றிருத்தல் காண்க.

இதனை வளர்த்தல் எளிது. ஐப்பசி மழையில், எழுதுகோற் பருமனுள்ள கிளையை ஒரு சாண் நீளம் வெட்டி, பால் உலர்ந்தபின், வெயில்படும் மேட்டுப் பாத்தியில் நடுக. நீர் தேங்கலாகாது, வேரூன்றும்வரை ஈரம் காத்தல் வேண்டும். வேரூன்றிய செடி கோடையையும் தாங்கும். பாலுடைமையால் ஆடுமாடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. நுனிகளைக் கிள்ளிவரக் கிளைத்துப் பூக்கும்.

மதிலோரம் சில செடிகள் நிற்பின், பல்லாண்டுகள் நித்தியத் திருமாலைக்கு மலர் குறைவுபடாது. அடியார்கள் இல்லந்தோறும் ஒரு செடியேனும் வைத்து, விடியலில் நீராடிப் பறித்து, எம்பெருமான் திருவடிகளில் ஸமர்ப்பித்து உய்வார்களாக.