கேள்வியும் நினைவும்

கண்ணால் கண்டதை மனம் அப்படியே பதித்து வைத்திருக்கும் என்றே நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க அறிகை உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸ். 1944இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த இவர், 1970இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த பின், 2002இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பேராசிரியையாக இணைந்தார்.

1974இல் அவரும் ஜோன் பாமரும் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. 45 மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்கள் காட்டப்பட்டன. பின்னர், கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகத்தில் சென்றன என்று சிலரிடமும், "ஒன்றையொன்று தொட்டபோது" என்ன வேகத்தில் சென்றன என்று வேறு சிலரிடமும் கேட்கப்பட்டது. முதலாமவர்கள் கூறிய சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்கும் அதிகம், மற்றவர்கள் கூறியது 31.8 மைல். பார்த்த படங்கள் ஒன்றே. கேள்வியிலிருந்த வினைச்சொல் மட்டுமே வேறு.

இரண்டாவது பரிசோதனையில் 150 பேர் பங்குபற்றினர். ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று அவர்களிடம் வினவப்பட்டது. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் "ஆம்" என்றனர். வேகம் பற்றி எதுவும் கேட்கப்படாத 50 பேரில் அவ்வாறு கூறியவர்கள் 6 பேரே.

சாட்சி பொய் சொல்லாமலே தவறலாம். அதனால் நிரபராதி ஒருவர் சிறை செல்லலாம். இதனை லொஃப்டஸ் நூல்களிலும் பொதுமேடைகளிலும் எடுத்துரைத்தார். நூற்றுக்கணக்கான வழக்குகளில் நிபுணராகக் கருத்துக் கூறினார். உண்மையிலேயே பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களையும் மக்கள் ஐயுற இது வழிவகுக்கும் என்று அவரைக் கண்டித்தோரும் உளர். நினைவுகள் யாவும் பொய் என்பதல்ல அவரது வாதம். ஒருவர் உறுதியாகவும் விபரமாகவும் உணர்ச்சியோடும் கூறுவது மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும் என்பதே.

வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், "தம்பியா தட்டிவிட்டான்?" என்று கேட்பதற்கும் "என்ன நடந்தது?" என்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. முதற்கேள்வி விடையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. பெற்றோர் பிள்ளைகளிடம் விசாரிக்கும்போதும், மாணவியர் தோழியைப் பற்றிய ஒரு செய்தியைக் கேட்கும்போதும் மூன்றைச் சிந்திக்கலாம்: இதை நேரில் கண்டவர் யார்? அவரிடம் எப்படிக் கேட்கப்பட்டது? வேறு சான்று உண்டா? இவற்றை நமது சொந்த நினைவிடமும் கேட்டுப் பழகுவதே விமர்சனச் சிந்தனையின் கடினமான பாடம்.