மெல்லிய கதவும் கோணல் சுவரும்

அன்புள்ள வாசகிக்கு,

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டுகிறீர்கள். படுக்கையறை வார்ட்ரோபுக்கு, மெல்லிய கறுப்பு அலுமினிய ஃபிரேமில் கோடு போட்ட கண்ணாடி வைத்த கதவு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிடித்த படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். “இதென்ன, ஜவுளிக்கடை ஷோகேஸ் மாதிரி” என்று மாமியார் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். போடலாம். ஆனால் எல்லாக் கதவுக்கும் வேண்டாம். சுவரை அளந்து பார்க்காமல் ஒரு கதவுக்குக்கூட வேண்டாம்.

அலுமினியக் கதவு நம் வீடுகளுக்குப் புதிதில்லை. சமையல் மேடைக்கு அடியில், கடப்பா கல் தட்டுகளுக்கு முன்னால், வெள்ளி நிறச் சட்டத்துக்குள் போர்டைச் செருகி மாட்டிய கதவுகள் ஊரெல்லாம் உண்டு. கரையான் தொடாது, தண்ணீர் பட்டால் ஊறாது என்று போட்டோம். அழகுக்காக யாரும் போடவில்லை. துணிமணிக்கு இரும்பு பீரோ, இல்லையென்றால் சுவர் அலமாரிக்கு மரக்கதவு. இப்போது படுக்கையறைக்கு வந்திருப்பதும் அதே உலோகம்தான். பெரும்பாலும் 6063 என்ற கலவை. அதைச் சூடாக்கி, அச்சின் வழியே பிதுக்கி எடுப்பார்கள். முறுக்கு நாழியில் மாவு இறங்குவதைப் போல, அச்சு எந்த வடிவமோ அந்த வடிவத்தில் நீள நீளமாக வரும். கண்ணாடி உட்காரும் காடி, ரப்பர் பிடிக்கும் இடம், விரலை விட்டு இழுக்கும் மடிப்பு எல்லாம் ஒரே துண்டில் அமைந்துவிடுவதால் தனியாகக் கைப்பிடி வைக்க வேண்டியதில்லை. முன்னால் நின்று பார்த்தால் தெரிவது இருபது மில்லிமீட்டர் அகலக் கோடு மட்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களின் பாணி இத்தாலியிலிருந்து வந்தது. மிலான் நகரில் 1961 முதல் நடக்கும் ஃபர்னிச்சர் கண்காட்சிதான் இந்த மாதிரி மோஸ்தர்களை உலகத்துக்கு அனுப்பிவைக்கிறது. அந்தப் படங்களில் உள்ளே என்ன தொங்குகிறது என்று பார்த்தீர்களா? ஒரே நிறத்தில் நாலு சட்டை, ஒரு தொப்பி. நம் வார்ட்ரோபில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரப் பெட்டிகூட இருக்கும்.

முதலில் சுவர். மரக்கதவு அனுசரித்துப் போகும். திறப்பு ஒரு பக்கம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்திருந்தால் ஆசாரி கதவைக் கழற்றி, ஓரத்தில் இழைப்புளியைப் போட்டுவிட்டு மறுபடி மாட்டிவிடுவார். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ப்ளைவுட் கதவையும் ஓரம் சீவி, புதிதாக எட்ஜ் பேண்ட் ஒட்டிச் சமாளிக்கலாம். அலுமினிய ஃபிரேமை எதை வைத்து இழைப்பது? பட்டறையிலேயே 45 டிகிரியில் வெட்டி, மூலைகளை முடுக்கி, கண்ணாடியும் அடைத்து வந்துவிடுகிறது. அளவு தவறினால் புதுக் கதவுதான். ஹிஞ்சில் மூன்று திசையிலும் நகர்த்தத் திருகு உண்டு. அது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் கைகொடுக்கும், அதற்கு மேல் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கதவுகளுக்கு நடுவே விடும் சந்தும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான். அது மேலே மூன்று, கீழே ஆறு என்று விரிந்துகொண்டே போனால், இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே அந்தக் கோணல் கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணில்கூடப் படும்.

அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் திறப்பின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சதுரம் சரி. பக்கச் சுவருக்குத் தூக்குக்குண்டு, தரைக்கு ரசமட்டம். பூச்சு வேலை முடியாத நிலையில் இருப்பதால் உங்களுக்கு இது நல்ல நேரம். கொத்தனார் ஒரு நாளில் சரிசெய்துவிடுவார். எப்படியும் சுவரை நம்பிக் கதவு மாட்டக்கூடாது. உள்ளே ஒரு முழு ப்ளைவுட் பெட்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் வரும் சந்தை ஒரு பட்டியால் மூடி, பெட்டியில்தான் ஹிஞ்சை மாட்ட வேண்டும். கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றனவே, முன்னால் கதவை மட்டும் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலுமினியத்தைத் தொடாத கரையான் பெட்டியை விட்டுவைக்காது என்பதால், மிச்சம் பிடிப்பதைக் கதவில் பிடியுங்கள், பெட்டியில் பிடிக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அறை என்றால் பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும்.

மெல்லியதாகத் தெரிவதால் கதவு லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இரண்டரை கிலோ. ஏழடி உயரம், ஒன்றேமுக்கால் அடி அகலக் கதவில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 11 கிலோவைத் தாண்டும். ஃபிரேமையும் சேர்த்தால் அதே அளவு ப்ளைவுட் கதவின் எடைக்குக் குறையாது. அதனால் ஒரு கதவுக்கு நான்கு ஹிஞ்ச் வேண்டும். அதுவும் அலுமினிய ஃபிரேமுக்கென்றே செய்யும் ஹிஞ்ச். ப்ளைவுட்டில் 35 மில்லிமீட்டர் குழி எடுத்துப் பொருத்தும் சாதாரண ஹிஞ்ச், இருபது மில்லிமீட்டர் சட்டத்தில் எங்கே உட்காரும்?

கண்ணாடி கண்டிப்பாக டஃபன்டாக இருக்கட்டும். குழந்தைகள் ஓடும் வீடு. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளக்கும். டஃபன்ட் என்றால் சிறு சிறு துண்டாக உதிரும். ஆனால் அதை டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அங்கேயும் அளவு தவறினால் தவறியதுதான்.

அலுமினியம் உண்மையிலேயே ஜெயிப்பது உயரத்தில். தரையிலிருந்து பரண் வரை ஒரே கதவு என்றால் ப்ளைவுட் நாளாவட்டத்தில் வளையும். வளையாமலிருக்க அதன் முதுகில் காடி எடுத்து ஒரு ஸ்ட்ரெய்ட்னரைச் செருகுகிறார்கள், அதுவும் அலுமினியம்தான்! ஈரத்தில் ஊதாது, கோடையில் சுருங்காது. என்றைக்காவது கழற்றினாலும் பழைய இரும்புக்கடையில் எடை போட்டுக் காசு தருவார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் இருந்தது. மின்சாரத்தைக் குடிக்கும் தொழில் அது. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும் என்பதால்தான் அதற்கு எப்போதும் விலை இருக்கிறது. பழைய ப்ளைவுட் கதவை யார் வாங்குவார்கள்?

இனி உங்கள் மாமியார் பக்கம். பாதி நியாயம் அவரிடம் இருக்கிறது. கோடு போட்ட கண்ணாடி உருவத்தைக் கலைக்கும், நிறத்தை மறைக்காது. அடுக்கிய புடவை அழகாகத் தெரியும், திணித்த போர்வையும் தெரியும். பட்டுப்புடவைக்கு வெளிச்சம் ஆகாது. கிழக்கே ஜன்னல் உள்ள அறை என்று எழுதியிருக்கிறீர்கள். காலை வெயில் நேரே விழும் கதவுக்குப் பின்னால் பட்டை வைத்தால் மடிப்போரம் வெளுக்கும். நான்கு கதவில் இரண்டுக்குக் கண்ணாடி வைத்து, இரண்டுக்கு அதே ஃபிரேமில் பின்பக்கம் பெயின்ட் அடித்த கண்ணாடியோ மைக்கா ஒட்டிய பலகையோ போடுங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே வரிசையாகத்தான் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் தினம் எடுக்கும் துணி, பலகைக்குப் பின்னால் மற்றதெல்லாம். ஸ்லைடிங் வேண்டாம். எப்போதும் பாதிதான் திறக்கும், கீழ்த் தடத்தில் தூசி சேரும்.

மாட்டும் நாள் கடைசியாக இருக்க வேண்டும். சிமென்ட்டும் சுண்ணாம்பும் காரம். ஈரமாக ஒரு சொட்டு பட்டு நின்றால் அனோடைஸ் பூச்சில் வெள்ளைத் தடம் விழுந்துவிடும், போகாது. பூச்சு, பெயின்ட், தரை பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகே கதவு வரட்டும். வந்ததும் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் விட்டால் பசை இறுகிப் பிடிக்கும். துடைக்க மெல்லிய துணியும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும். கறுப்பு மேட் ஃபிரேமில் எண்ணெய்க் கை பட்ட இடம் தெரியும். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வீட்டில் வெண்கல நிறம் உத்தமம்.

சதுரடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரியில் கொட்டேஷன் வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அது போதாது. ஃபிரேமின் கனம், அனோடைஸா பவுடர் கோட்டிங்கா, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், டஃபன்ட்தானா, ஒரு கதவுக்கு எத்தனை ஹிஞ்ச், பெட்டிக்கு எந்த கிரேடு ப்ளைவுட், கடைசி அளவு எடுக்க யார் எப்போது வருவார் என்பதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

அன்புடன்.