சாம்பாரா, தண்ணீரா, கைகளா?



மாங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் பத்துப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால், மாலைக்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிடும். "சத்துணவுச் சாம்பாரில் பல்லி விழுந்திருக்கும்" என்பார்கள். சமையற்கார அம்மாளின் பிழைப்புக்கே ஆபத்து வந்துவிடும். நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே நிற்கும்போது இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு சரியா என்று எப்படி விசாரிப்பது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

1968 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்னும் சிற்றூரில், பிரான்சன் தொடக்கப்பள்ளியின் மாணவர், ஆசிரியர் 232 பேரில் 116 பேர் இரண்டே நாளில் நோயுற்றனர். வாந்தியும் வயிற்றுவலியும் ஏறக்குறைய ஒரு நாளில் நின்றுபோயின. பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை. ஆனால் நோயுற்றவர்களின் வீட்டாரிலும் 32 சதவீதம் பேருக்கு அது தொற்றியது. அவர்கள் பள்ளியில் உண்டவர்கள் அல்லவே! ஆளிலிருந்து ஆளுக்குப் பரவும் ஒன்று என்பதற்கு இதுவே துப்பு. 1972-ல் ஆல்பர்ட் கபிக்கியான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டார். அதன் குறுக்களவு சுமார் 27 நானோமீட்டர்தான். இன்று நாம் நோரோ வைரஸ் என்று சொல்லும் பெயர் அந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததே.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவரிடமும், 2022 ஜூனில் விழிஞ்ஞத்தில் இரண்டு பிள்ளைகளிடமும், 2023 ஜனவரியில் எர்ணாகுளம் காக்கநாட்டில் ஒரு பள்ளியிலும் இதே வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. காக்கநாட்டில் பெற்றோருக்கும் அறிகுறிகள் தோன்றின.

விசாரணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. எந்த வகுப்பு, முதல் வாந்தி எத்தனை மணிக்கு, முந்தின இரண்டு நாள் என்ன சாப்பிட்டான், எந்தக் குழாயில் தண்ணீர் குடித்தான், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று எழுத வேண்டும். நாம் மறந்துவிடும் காரியம் ஒன்று உண்டு: சுகமாயிருக்கும் பிள்ளைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். உதாரணமாக, பள்ளிச் சாம்பார் சாப்பிட்ட 40 பேரில் 10 பேரும், வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்த 40 பேரில் 10 பேரும் நோயுற்றால், சாம்பார்மேல் எப்படிப் பழிபோட முடியும்? லாரித் தண்ணீர் நிரப்பும் தொட்டியையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். சொந்தப் பாட்டிலில் குடித்தவர்கள் தப்பினார்களா என்று பாருங்கள்.

நேரமும் சாட்சி சொல்லும். கெட்டுப்போன உணவில் சிலவகை பாக்டீரியாவின் நஞ்சு சேர்ந்திருந்தால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும். ஆகையால் இன்று காலை வாந்தி எடுத்தவனிடம் நேற்றையும் முந்தாநாளையும் கேட்க வேண்டும். நோயாளரில் பாதிப்பேருக்கு மேல் வாந்தி, சுமார் அரை முதல் இரண்டரை நாளில் குணம், பாக்டீரியா இல்லை என்றால் வைரஸையே சந்தேகிக்கலாம் என்று 1982-ல் கப்லானும் அவருடைய குழுவினரும் வகுத்துக் கொடுத்தார்கள். உறுதி செய்ய மலத்தைச் சுத்தமான டப்பாவில் சீக்கிரம் எடுத்து, குளிரில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பயன்படாது. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இதனால் சமையலறைக்கு எப்போதும் விடுதலை என்று எண்ண வேண்டாம். சமைப்பவருக்கே நோய் இருந்தால் அவர் கை வழியாக நூறு தட்டுகளுக்குப் போகும். குணமான பின்னும் 48 மணி நேரம் அவர் சமையலறைக்கு வரக்கூடாது. அந்த நாட்களின் கூலியைப் பிடித்தால் அவர் நோயை மறைக்கத்தானே செய்வார்?

வகுப்பில் வாந்தி எடுத்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், துணியால் ஒற்றி எடுத்துப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். கையில் தடவும் சானிடைசர் இவ்வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் குழிந்தாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.