கேள்வியே காவல்

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்திராவின் கம்பெனிப் பங்குகளுக்குச் சென்றது எவ்வாறு? 1957 டிசம்பரில் மக்களவையில் பெரோஸ் காந்தி இதனை எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1962-ல் முத்துக்குளித்துறையைச் சார்ந்த திருச்செந்தூர்த் தொகுதி அவரைப் போட்டியின்றியே தேர்ந்தெடுத்தது. கணக்குக் கேட்பது பகையன்று என்பது இதனால் விளங்கும்.

அவ்வாண்டே கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைந்தது. அதன் பரிந்துரையால் 1964-ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் தோன்றிற்று. அலுவலகத் தாமதமே கைக்கூலிக்குப் பெருங்காரணங்களுள் ஒன்றென அக்குழு கண்டது.

வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள மீனவர் இதனை மனத்திற் கொள்ளல் நலம். படகு மானியத்திற்கோ, தடைக்கால நிவாரணத்திற்கோ மனுச் செய்வோர் ரசீது பெறுக. முடிவு கூறும் நாளைக் கேட்டறிக. தாமதித்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கக் கோருக. பலர் அறியக் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். அது பாராளுமன்றமாயினும் சரி, ஊர்ச் சபையாயினும் சரி.