காரணமில்லாமல் வரும் திகில்



மாரடைப்பென்று பதறி, இரவோடு இரவாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒருவரை, "இருதயத்தில் குற்றமில்லை" என்று வைத்தியர் திருப்பி அனுப்புவதுண்டு. பத்து நாளில் மறுபடியும் அதே துன்பம் வருகிறது. உடனே வீட்டில் ஒருவர் "நடிப்பு" என்பார். ஒருவர் "பேய்க்கோளாறு" என்பார். வேறொருவர் "விசுவாசக் குறைவு" என்பார். மூன்றும் தவறாயிருக்கலாம். திகில் நோய் என்றொரு வியாதி உண்டு. வைத்தியர்கள் அதைப் பானிக் டிஸார்டர் என்கிறார்கள்.

இது கோழைகளின் வியாதியன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேவித்த வீரர்கள் பலருக்கு, இருதயத்தில் கோளாறு காணாதபோதும், இதையொத்த படபடப்பும் மார்பு நோவும் இருந்ததாக 1871-ல் டா கோஸ்டா என்னும் வைத்தியர் எழுதிவைத்தார்.

இது எப்படி உண்டாகிறது? பாம்பைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு விரைகிறது, உடல் வியர்க்கிறது. தப்பி ஓடுவதற்காக ஆண்டவர் நம் சரீரத்தில் வைத்த காவல் அது. திருடன் வராதபோதும் குரைக்கும் நாயைப்போல, இந்நோயில் அக்காவல் காரணமின்றி விழித்துக்கொள்கிறது. மூச்சு வேகமாவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல்கள் மரத்து, தலை சுற்றுகிறது. "இதோ சாகப்போகிறேன்" என்ற எண்ணம் எழ, பயம் இன்னும் ஏறுகிறது. ஆயினும் சில நிமிஷங்களில் அது உச்சத்தை எட்டி, பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும்.

அதற்குப் பின் வருவதே பெரிய துன்பம். "மறுபடியும் வந்துவிடுமோ" என்று அஞ்சி, நோயாளி பஸ்ஸை விடுகிறார், சந்தையை விடுகிறார், பூசையையும் விடுகிறார். கடைசியில் வீடே சிறையாகிறது.

இதற்குச் சிகிச்சை உண்டா? நல்ல சிகிச்சை உண்டு. மார்பு நோவு கண்டால் நீங்களாகவே திகிலென்று தீர்மானிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருதயத்தையும் தைராய்டையும் சோதித்துக் குற்றமில்லை என்றறிந்தபின், மனநல வைத்தியரிடம் செல்லுங்கள். பயம் சொல்லும் பொய்யை அடையாளம் கண்டு, விலக்கிய இடங்களுக்குப் படிப்படியாய்த் திரும்பப் பழக்குவது ஒரு முறை. மருந்து மற்றொரு முறை. அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. தூக்க மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இலவசமாய் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டார் செய்யவேண்டியவை இவை:

1. திகில் வந்த வேளையில் அருகில் உட்கார்ந்து, "இது கடந்துபோகும், மெதுவாய் மூச்சு விடு" என்று சொல்லுங்கள். ஏசாதீர்கள்.

2. எல்லா வேலையையும் நீங்களே செய்து அவரை வீட்டிலேயே இருத்தாதீர்கள். கூட நடந்து வெளியே அழைத்துப்போங்கள்.

3. ஜெபியுங்கள், ஆனால் ஜெபத்தைச் சொல்லி மருந்தை நிறுத்தாதீர்கள். வைத்தியரைக் கனம்பண்ணும்படி சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரமே நமக்குப் போதிக்கிறது.

இந்நோயால் வருந்துகிறவர்களே, பூசை நடுவில் எழுந்து போக நேர்ந்தால் அது பாவமன்று. இந்த ஞாயிறு வாசலருகே உட்காருங்கள். அடுத்த ஞாயிறு ஒரு வரிசை முன்னே வாருங்கள். மற்றவர்களே, அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.