டேப்பர் கடையத் தெரிந்தவருக்கு டேன் எதற்குப் பயம்?

தொழிற்கல்வி கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். லேத்தில் நின்றால் எனக்குப் பயமில்லை. வகுப்பில் சைன், காஸ் என்று எழுத ஆரம்பித்தால் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. பத்தாம் வகுப்பில் முக்கோணவியலை ஒதுக்கிவிட்டுத்தான் பாஸ் செய்தேன். கூட இருக்கிற பையன்கள் முதல் வருஷமே கணக்குப் படித்து வந்தவர்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
– பாலிடெக்னிக் மாணவர், எப்போதும்வென்றான்

பதில்: தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். நேரடி இரண்டாம் ஆண்டு சேருகிறவர்கள் மூன்றாம் செமஸ்டரில் நுழைகிறார்கள். முதலாண்டுக் கணிதம் அவர்கள் கையில் படாமலே போகிறது. இந்த இடைவெளி நீ வந்த வழியில் இருக்கிறது. உன் மண்டையில் இல்லை. அதை அடைக்க முதலாண்டுப் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டாம். ஐ.டி.ஐ.யில் ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ என்று ஒரு பாடம் படித்தாயே, அங்கிருந்து தொடங்கு.

டிராயிங்கில் ஒரு டேப்பர் வருகிறது. பெரிய விட்டம் 50 மி.மீ., சிறிய விட்டம் 40 மி.மீ., டேப்பர் நீளம் 100 மி.மீ. காம்பவுண்டு ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்புவாய்? விட்டங்களின் வித்தியாசம் 10. அதை நீளத்தின் இரு மடங்கான 200ஆல் வகுத்தால் 0.05. எந்தக் கோணத்தின் டேன் 0.05 என்று கால்குலேட்டரில் பார்த்தால் 2.86 டிகிரி, அதாவது 2 டிகிரி 52 நிமிடம். இதை நீ கையால் செய்திருக்கிறாய். வகுப்பில் போர்டில் எழுதுவதும் இதே செங்கோண முக்கோணம்தான். நடுக்கோட்டுக்கு இணையாக ஓடும் 100 மி.மீ. அடுத்துள்ள பக்கம். ஒரு பக்கம் மட்டும் இறங்கும் 5 மி.மீ. எதிர்ப்பக்கம்.

அந்த ‘இரு மடங்கு’ எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வதுதான் படிப்பு. அதை மறந்து 10ஐ 100ஆல் வகுத்தால் 5.71 டிகிரி வரும். அந்தக் கோணத்தில் கடைந்தால் 40 இருக்க வேண்டிய முனை 30 மி.மீ. ஆகிவிடும். பரீட்சையில் போவது இரண்டு மார்க். பட்டறையில் போவது ஒரு முழு ஷாப்ட்.

இயற்கணிதமும் அப்படித்தான். வெட்டு வேகம் என்பது பை × விட்டம் × சுற்று ÷ 1000. ஆனால் லேத் முன்னால் நிற்கிறவனுக்கு வேகம் தெரியும், விட்டம் தெரியும், வேண்டியது சுற்று. ஆகவே சூத்திரத்தைத் திருப்ப வேண்டும்: சுற்று = 1000 × வேகம் ÷ (பை × விட்டம்). ஹெச்.எஸ்.எஸ். டூலால் 50 மி.மீ. மைல்டு ஸ்டீலை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய வேண்டுமானால் 191 சுற்று. மெஷினில் 191 இருக்காது; அதற்குக் கீழே உள்ள அடுத்த வேகத்தைப் போடு. சூத்திரத்தில் வேண்டியதைத் தனியே பிரித்து எடுப்பது, அதுதான் தொழிலுக்கு வேண்டிய இயற்கணிதத்தில் முக்கால்வாசி. கணக்கு வராது என்று என்னிடம் வருகிற மாணவர்களில் பலருக்கு, நான் பார்த்தவரை, தடுமாற்றம் சைனில் இல்லை. பின்னத்திலும், சமன்பாட்டில் ஒன்றை அந்தப் பக்கம் கொண்டுபோவதிலும்தான்.

ஆகவே வரிசை இது: பின்னமும் தசமமும், சூத்திரம் திருப்புதல், விகிதம், பிதாகரஸ், பிறகு சைன், காஸ், டேன். எந்தக் கணக்கானாலும் எண்ணைப் போடுவதற்கு முன் படத்தைப் போடு; எது தெரியும், எது வேண்டும் என்று படத்திலேயே குறி. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். –0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: என் மகள் எலக்ட்ரீஷியன் டிரேடு படிக்கிறாள். கரண்டு வேலைக்கும் இந்த முக்கோணக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. தேவையில்லாமல் பிள்ளைகளைப் போட்டு வதைக்கிறார்களோ?
– ஒரு தாய், பசுவந்தனை

பதில்: சம்பந்தம் உங்கள் ஊர்க் கிணற்று மோட்டாரிலேயே இருக்கிறது, அம்மா. 5 குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டார் என்றால் 5 × 746 = 3,730 வாட். மோட்டாரின் திறன் 85 சதவீதம், பவர் பேக்டர் 0.8, மின்னழுத்தம் 415 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அது இழுக்கும் கரண்டு ஏறக்குறைய 7.6 ஆம்பியர். எந்த ஒயர் இழுப்பது, ஓவர்லோடு ரிலேயை எவ்வளவில் வைப்பது என்பதெல்லாம் இந்த ஒற்றை எண்ணிலிருந்து பிறக்கிறது. குத்துமதிப்பாக வைத்தால் மோட்டார் சுருள் கருகும்.

அந்த 0.8 என்பதுதான் காஸ். மில்லிலோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலோ உபயோகமாகும் மின்சாரம் கிலோவாட். லைனிலிருந்து இழுப்பது கே.வி.ஏ. முதலாவதை அடிப்பக்கமாகவும் இரண்டாவதைக் கர்ணமாகவும் வைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். 10 கிலோவாட் வேலைக்குப் பவர் பேக்டர் 0.7 என்றால் 14.3 கே.வி.ஏ. இழுக்க வேண்டும். 0.95க்கு உயர்த்தினால் 10.5 போதும். அதற்கு எத்தனை கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் போடுவது? இரண்டு கோணங்களின் டேன்களைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 7. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த எலக்ட்ரீஷியனை எந்த மில்லும் கைவிடாது.

நாளைக்குக் கயத்தாறு பக்கம் காற்றாலை வேலைக்குப் போனாலும் இதே கதைதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அடுக்கு என்ற பாடத்தை அந்தப் பெண் அங்கே கண்ணால் பார்ப்பாள்.

கேள்வி: இப்போது எல்லாம் சி.என்.சி. மெஷின், மொபைல் ஆப். கணக்கை அதுவே போட்டுவிடுகிறது. நாம் எதற்குப் படிக்க வேண்டும்?
– மெஷினிஸ்ட் மாணவர், கயத்தாறு

பதில்: மெஷின் கணக்கைப் போடும், சரி. நீ தப்பாகச் சொன்னாலும் அதே வேகத்தில் தப்பாகவே போடும். 100 மி.மீ. விட்ட வட்டத்தில் சம தூரத்தில் ஆறு துளை போட வேண்டும் என்று வை. மையத்தைப் பூஜ்யமாகக் கொண்டால் முதல் துளை 50, 0. அடுத்தது 60 டிகிரி தள்ளி: 50 × காஸ் 60 = 25; 50 × சைன் 60 = 43.3. புரோகிராமில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடந்தால், துளை 60 டிகிரியில் விழாமல் 30 டிகிரியில் விழும். திரையில் சிவப்பு விளக்கு எரியாது. தப்பைப் பிடிக்க வேண்டியது நீதான்.

இன்னொரு சுவையான விஷயம். ஆறு துளைக்குப் பழைய பிட்டருக்குக் கணக்கே வேண்டாம். வட்டத்தின் ஆரத்தையே காம்பஸில் வைத்துச் சுற்றிக் குறித்தால் ஆறு புள்ளி சரியாக வந்து சேரும். ஐந்து துளை என்று சொல்லிப் பார், ஆரத்தை வைத்துச் சுற்றும் அந்த வித்தை கைகொடுக்காது. அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி 2 × 50 × சைன் 36, அதாவது 58.78 மி.மீ. கைப்பழக்கம் நிற்கிற இடத்தில் சைன் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்கள் அமைந்திருக்கின்றன. அந்த மெஷின்களின் முன்னால் நிற்கப்போகிறவர்களுக்கு ஆயத்தொலைவும் கோணமும் அன்றாடச் சமாச்சாரம்.

கேள்வி: நான் படிக்காதவன், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சோலார் பேனலுக்கு ஸ்டாண்டு கேட்டு வருகிறார்கள். 10 டிகிரி சாய்வு என்கிறார்கள். பின்கால் எவ்வளவு உயரம் வைப்பது?
– பட்டறைக்காரர், ஓட்டப்பிடாரம்

பதில்: அண்ணாச்சி, பேனல் நீளத்தைச் சைன் 10ஆல், அதாவது 0.174ஆல் பெருக்குங்கள். 2 மீட்டர் பேனலுக்கு முன்காலைவிடப் பின்கால் 35 செ.மீ. உயரம். இரண்டு காலுக்கும் இடையே தரையில் 1.97 மீட்டர். உங்கள் பகுதி ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், தெற்கு பார்த்த 10 டிகிரி சாய்வு பொருத்தம்தான். ஆனால் கரிசல் மண்ணில் கால் ஊன்றுகிறீர்கள். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். ஆழமாக அடித்தளம் போடுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து மட்டம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: எட்டயபுரத்துப் பாரதிக்கே கணக்கு வராதாமே?
– ஒரு வாசகர், எட்டயபுரம்

பதில்: வராதுதான். அவருடைய தந்தை சின்னச்சாமி ஐயர் கணக்கிலும் எந்திரத்திலும் ஈடுபாடு கொண்டவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவிப் பார்த்தவர். மகனும் அந்த வழியில் போக வேண்டும் என்று விரும்பினார். மகன் போகவில்லை, தமிழுக்கு லாபம். கணக்கை விட்டுவிட்டு மகாகவி ஆகிறவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் டேன் படிப்பது நல்லது.

கேள்வி: தமிழில் படிக்கப் புத்தகம் கிடைக்குமா? டியூஷனுக்குக் கொடுக்கப் பணமில்லை.
– ஐ.டி.ஐ. மாணவி, கோவில்பட்டி

பதில்: டியூஷன் வேண்டாம், அம்மா. தமிழக அரசின் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை எடு. இரண்டிலும் மூன்றாம் இயல் இயற்கணிதம், ஆறாம் இயல் முக்கோணவியல். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கு. பத்தில் உயரமும் தொலைவும் வரும் பகுதியை மட்டும் விடாமல் போடு. சென்னை கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் (நிமி) ஐ.டி.ஐ. பாடங்களுக்குத் தமிழிலும் நூல்கள் வெளியிடுகிறது. உன் பயிற்சி நிலைய நூலகத்தில் கேள்.

முடிக்கும் முன், பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வகுப்பையாவது ஒர்க்‌ஷாப்பில் நடத்துங்கள். பழைய டிராயிங் ஒன்றும் சைன் பார் ஒன்றும் போதும். 200 மி.மீ. சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் 100 மி.மீ. ஸ்லிப் கேஜ் வைத்துத் தூக்கி, 30 டிகிரி வருவதைக் காட்டுங்கள். சைன் 30 என்றால் பாதி என்பதை அதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.